வெள்ளையாக விட்ட ஊர்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் பெங்களூரில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை பார்த்தேன். எந்தப் பயிர்ப்பூச்சி எந்த ஊரில் பிழைக்கும் என்று கம்ப்யூட்டரைக் கேட்டுச் சொல்வதுதான் வேலை. பூச்சி ஏற்கெனவே இருக்கும் ஊர்களின் வெயிலையும் மழையையும் கொடுத்தால், அதே மாதிரி வானிலை உள்ள மற்ற ஊர்களை அது மேப்பில் சிவப்பாகக் காட்டும். ஒத்துவராத ஊர் வெள்ளை. அந்தப் பாழாய்ப்போன மெஷின் பாதியில் நின்றால் நான் திட்டுகிற திட்டு பக்கத்து அறைக்குக் கேட்கும்.

அந்தச் சமயம் கேரளத்துத் தென்னைகளை ஒரு சிலந்திப் பூச்சி பிடித்திருந்தது. கண்ணுக்கே தெரியாது. பிஞ்சுக் குரும்பையின் காம்புத் தொப்பிக்கு அடியில் உட்கார்ந்து உறிஞ்சும். காய் பழுப்பேறி, வெடித்து, சூம்பிப்போகும். அதற்கு மேப் போட்டபோது பெங்களூரை ஒட்டிய அத்திபெலே சிவப்பாக வந்தது. அங்கேதான் என் அண்ணனின் தோப்பு. வேலை பார்த்த ஃபேக்டரி மூடியபிறகு அவனுக்கு அதை விட்டால் வேறு பிழைப்பில்லை.

ஞாயிற்றுக்கிழமை மேப்போடு போனேன்.

"வருமா வராதா, அத சொல்லு," என்றான்.

"வந்தா நல்லா வாழும். வருமான்னு இது சொல்லாது."

"நல்லாருக்கும்மா. மாப்பிள்ளைக்கு வீடு பார்த்து வச்சிட்டு, வருவாரான்னு தெரியாதுங்கற."

கிண்டல் செய்தானே தவிர, நம்பினான். அதன்பிறகு வெளியூர்க் கன்று ஒன்றைக்கூட உள்ளே விடவில்லை. ஆசையாகக் கன்று கொண்டுவந்த சொந்தக்காரர் ஒருவரைக் கேட்டோடு திருப்பி அனுப்பியதில், அவர் பேச்சையே நிறுத்திவிட்டார்.

பிறகு அவன் மகளுக்குத் தோப்பிலேயே பந்தல் போட்டுக் கல்யாணம். வாசலில் கட்டத் தன் மரத்துக் குலையை வெட்ட மனசு வராமல், வாழைமரம், இளநீர்க்குலை எல்லாவற்றையும் பந்தல்காரரையே கொண்டுவரச் சொல்லியிருந்தான். உள்ளே நுழைந்தவள் அந்தக் குலையைப் பார்த்தேன். தொப்பிக்குக் கீழே முக்கோணமாகப் பழுப்பு. அதே பூச்சியின் தடம்.

அண்ணனைத் தனியே கூப்பிட்டுக் காட்டினேன். முகம் செத்துப்போயிற்று. அவிழ்க்கப் போனவனின் கையை அண்ணி பிடித்துக்கொண்டாள்.

"மாப்பிள்ளை வீட்டுக்காரங்க பார்க்கறாங்க. வாசல் குலைய இப்ப இறக்கினா என்ன நினைப்பாங்க? தாலி ஏறட்டும்ங்க."

அவள் இடத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள்.

தாலி ஏறியதும் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டோம். திரும்பி வந்தால் வாசலில் வெறும் கயிறு. கல்யாணம் முடிந்தால் வாசல் இளநீர் எடுத்தவருக்குச் சொந்தம், அது வழக்கம்தானே. வெட்டிக் குடித்துவிட்டு மட்டைகளை மரத்தடியில் வீசியிருந்தார்கள். பட்டு வேட்டியோடு அண்ணன் குனிந்து குனிந்து பொறுக்கி எரித்தான். நானும் பொறுக்கினேன்.

அதனால் வந்ததா, காற்றில் வந்ததா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அடுத்த கோடையில் அவன் குரும்பைகளில் பழுப்பு விழுந்துவிட்டது. வேப்பெண்ணெய் அடித்தான், வேரில் மருந்து கட்டினான். ஒன்றும் கேட்கவில்லை. காய் எடுக்கும் சிவாஜிநகர் வியாபாரி வருவதை நிறுத்திவிட்டார். கல்யாணக் குலை விஷயம் மகளுக்குத் தெரியவே கூடாது என்று மட்டும் எங்களிடம் சத்தியம் வாங்கிக்கொண்டான்.

ஒருநாள் என் ஆபீசுக்கே வந்து நின்றான்.

"அந்த மேப்ப காட்டும்மா. வெள்ளையா இருக்கற ஊரு எது? இத வித்துட்டு அங்க போயி தென்னை வைக்கறேன்."

காட்டினேன். வெள்ளையெல்லாம் பாலைவனமும் மலைக்குளிரும்.

"அண்ணா, அந்தப் பூச்சி வாழாத எடத்துல தென்னையும் வாழாது."

திரையில் இருந்த வெள்ளையை விரலால் தடவிப் பார்த்தான்.

"பூச்சிக்குப் போட்ட மாதிரி எனக்கும் ஒண்ணு போட்டுப் பாரேன். நான் எந்த ஊர்ல பொழைப்பேன்னு."

வாயாடி என்று பெயரெடுத்த நான் அவன் முன்னாலேயே அழுதுவிட்டேன்.