நிமிராத விரல்கள்

ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். இன்று துவாக்குடியில் சொந்தப் பட்டறை. வளைந்த இரும்பு எதுவானாலும், என்னைப் போல் நிமிர்த்த திருச்சியில் ஆளில்லை.

என் மனைவிக்குச் சர்க்கரையோடு மூட்டுவாதமும் வந்து விரல்கள் கோணிவிட்டன. ஸ்ரீரங்கத்தில் டாக்டரம்மாவிடம் என் தொழிலைச் சொல்லி, “எவ்வளவு செலவானாலும் சரி, நிமிர்த்திடுங்க” என்றேன்.

“ஐயா, உடம்புல இருக்குற ஒவ்வொரு செல்லுக்குள்ளயும் உங்களை மாதிரி ஒரு மேஸ்திரி உண்டு. சூடோ பட்டினியோ வந்து புரதங்கள் வளைஞ்சுபோனா, நிமிர்த்திவிடுற புரதம் அது.”

“அப்ப நம்ம தொழில்காரன்!” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“இந்த அம்மாவோட உடம்பு அந்த மேஸ்திரியையே எதிரின்னு நெனச்சு அடிக்குதோன்னு ஒரு சந்தேகம். ஆராய்ச்சி நடக்குது, அதுக்கு மருந்து இன்னும் வரலை. கோணின விரல் இனி நிமிராதுங்க. வலியை வேணும்னா குறைக்கலாம்.”

மனைவி சிரித்தாள். “கேட்டீங்களா? உங்களைத்தான் ஒண்ணும் சொன்னதில்லை, உள்ள இருக்குற மேஸ்திரியை அடிச்சுட்டேனாம்!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

வீட்டில் சோறு பிசைந்து ஊட்டிவிட்டு, அவள் விரல்களைக் கையில் ஏந்தினேன். மூட்டெல்லாம் கொதித்தது. நன்றாகச் சூடேறிய இரும்பைத்தான் இத்தனை காலமும் நிமிர்த்தியிருக்கிறேன். இந்தச் சூட்டை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்குத் தெரியவில்லை. இன்றும் ஏந்திக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன்.