பூட்டிய பெட்டிக்குள் வைஃபை

என் நாத்தனார் வீட்டுக்காரருக்குத் தெரியாத விஷயம் என்று உலகத்தில் எதுவும் கிடையாது. கேட்டால் அப்படித்தான் சொல்வார். கேட்காவிட்டாலும் சொல்வார்.

ராஜபாளையத்தில் ஒரு பஞ்சு மில்லில் அவர் எலக்ட்ரீசியன். நான் பத்தாவதோடு நின்றவள். அதே ஊரில் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் துணி சுற்றும் வேலைக்கு, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்திலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருகிறேன். அவர் வந்தால் என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிடுவார். நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். இத்தனை வருஷத்தில் அவரிடம் நான் பேசியதை எல்லாம் சேர்த்தால் பத்து வரி தேறாது.

மகளுக்கு வீட்டிலிருந்தே ஆஸ்பத்திரி பில் டைப் அடிக்கிற வேலை ஒன்று கிடைப்பதாக இருந்தது. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பரீட்சை. தனி அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, கேமரா முன்னால் ஒரு மணி நேரம். நடுவில் லைன் அறுந்தால் அவ்வளவுதான், மறுபடி கூப்பிட மாட்டார்கள். எங்கள் சந்துக்குள் போன் சிக்னல் ஒழுங்காக வராது. அதனால்தான் வைஃபை. என் போனஸில் மிஞ்சியது லைனுக்கு முன்பணம் கட்டவே சரியாகப் போனது. லைன்காரர் வயரை நடைக்குள் தொங்கவிட்டு, "ரூட்டர் நீங்க வாங்கிக்கிடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாத்தனார் வீட்டுக்காரர் பைக்கில் வந்து இறங்கினார். மில் ஆபீஸில் கழித்துப் போட்ட ரூட்டர் ஒன்று. கூடவே ஒரு இரும்புப் பெட்டி. மில்லில் பஞ்சு பறக்கும், ஒரு பொறி பட்டால் போதும். அதனால் சுவிட்ச், மீட்டர் எல்லாவற்றையும் இரும்புப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டித்தான் வைப்பார்கள். அந்தப் பழக்கத்தை அப்படியே எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். எங்கள் நடையில் எங்கே பஞ்சு பறக்கிறது? அவர் கண்ணுக்கு எல்லா வீடும் மில்தான்.

பெட்டியைச் சுவரில் அடித்து, உள்ளே ரூட்டரை வைத்து, மூடியைத் திறந்து வைத்தபடியே, "இப்பம் பாரு தாயி" என்றார்.

"வருது மாமா, நல்லா வருது" என்று உள் அறையிலிருந்து மகள் கத்தினாள்.

மூடியைச் சாத்தினார். பூட்டினார். சாவியைத் தன் சாவிக்கொத்தில் கோத்துக்கொண்டார். காபி குடித்துவிட்டுப் போனார். நான் டம்ளரைக் கழுவி முடிக்கும் முன்பே மகள் வந்து நின்றாள்.

"போயிருச்சும்மா."

மூடியால்தான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது. அதற்கு ஐடிஐ படிக்க வேண்டியதில்லை. ஆனாலும் ரெண்டு நாள் வாயைத் திறக்கவில்லை. அவர்மேல் எவ்வளவு இளக்காரம் இருக்கிறதோ, அதில் பாதி என்மேலும் இருக்கிறது, இந்த ரெண்டு நாளுக்காக.

சனிக்கிழமை முழுக்க மகள் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தாள். பெட்டிக்கு நேர் கீழே, கக்கூஸ் கதவை ஒட்டி உட்கார்ந்தால் மட்டும் கொஞ்சம் கிடைத்தது. அங்கே உட்கார்ந்து பரீட்சை எழுத முடியுமா?

என் வீட்டுக்காரர் அவருக்குப் போன் போட்டார். "செவுரு தடிமன் மாப்ள. ஒரு பூஸ்டர் வாங்கிப் போடு, பறக்கும்" என்றார் அவர். பூஸ்டர் விலையைக் கேட்டுவிட்டு இவர், "சரி அத்தான், சரி அத்தான்" என்று தலையாட்டினார். போனில் தலையாட்டுகிற மனிதர்.

ஞாயிற்றுக்கிழமை இவர் மறுபடி கூப்பிட்டபோது போனை நானே வாங்கிப் பேசினேன். "அண்ணே, அந்த மூடியச் செத்த தெறந்து வச்சுப் பாத்தா..."

அந்தப் பக்கம் சிரிப்பு. "தங்கச்சி, எம்புட்டு வருசமா கரண்டுல கெடக்கேன். நீ பேண்டேஜ் சுத்துத வேலையப் பாரு."

திங்கட்கிழமை நான் வேலைக்குப் போகவில்லை. ஒன்பதரை மணிக்கு ஸ்டூலைப் போட்டு ஏறினேன். மூடியின் ஒரு பக்கம் பூட்டு, மறுபக்கம் கீல். இந்த மேதை பூட்டை மட்டும்தான் நம்பியிருக்கிறார். கீலில் இருந்த கம்பியை ஆணி வைத்துச் சுத்தியலால் தட்டினேன். நாலு தட்டில் விழுந்தது. மூடி பூட்டைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கமாகத் தொங்கியது.

"அம்மா, முழுசா வருது!"

மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். நான் ஸ்டூலிலேயே உட்கார்ந்திருந்தேன். பதினொன்றே காலுக்கு வெளியே வந்து, "எடுத்துக்கிட்டாங்கம்மா. நாளைலேருந்து வேலை" என்றாள்.

சாயங்காலம் அவர் வந்தார். "யாரு பாத்த வேலை இது?"

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார்.

"நாந்தாண்ணே" என்றேன்.

"தூசி அடைஞ்சு கெட்டுப் போச்சுன்னா என்னையச் சொல்லப்பிடாது. ஸ்க்ரூ டிரைவரக் குடு, மாட்டிருதேன்."

பெட்டிக்கு முன்னால் போய் நின்றேன். "வேண்டாம்ணே. பிள்ளைக்கு நாளைக்கு வேலை இருக்கு. பூட்டத் தெறந்து, மூடிய எடுத்துட்டுப் போயிருங்க."

அவர் சாவியை எடுத்தார்.

மூடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வாசலில் இறங்கியவர், எங்களுக்கு வீட்டை வாடகைக்கு விட்ட ஆச்சியைப் பார்த்ததும் நின்றார். "மெசினுக்குக் காத்து வேணும்லா ஆச்சி? அதான் நானே கழத்திட்டேன். பிள்ளைக்கு உடனே வேலை கெடைச்சிருச்சு!"

"நீங்க இருக்கப்போய் ஆச்சு" என்றாள் ஆச்சி.

மூடி போனால் போதும் என்று கதவைச் சாத்தினேன்.