உட்கார இடமில்லாத ஊரில் காய் நறுக்குவது

ஞாயிறு காலை ஏழு ஐம்பது. கைபேசியில் முதலில் தெரிந்தது ஓர் எவர்சில்வர் தட்டு. அதன் ஓரத்தில் பச்சையாக, வெட்டிப்போட்ட நகம் அளவுக்கு, சுருண்ட ஒரு துணுக்கு. அளவு புரிவதற்காகப் பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்திருந்தார்கள். பத்திரிகையில் விபத்துப் படங்களுக்குக் குறிப்பெழுதிக் காலம் தள்ளிய எனக்கு அந்த நாணயம் மட்டும் பிடித்திருந்தது. செம்பூரில் நாங்கள் குடியிருக்கும் கட்டடத்தின் வாட்ஸ்அப் குழு அது. படத்துக்குக் கீழே, நேற்றைய பீன்ஸ் பொரியலில் பிளாஸ்டிக் என்று ஆங்கிலத்தில் எழுதி மூன்று ஆச்சரியக்குறி போட்டிருந்தார் மூன்றாம் மாடி லலிதா மாமி. கட்டடக் கமிட்டியின் செயலாளர். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். தமிழ் பேசுவார், படிக்க வராது. ஆகவே இதை நான் தைரியமாக எழுதலாம்.

பொரியல் செல்வியுடையது. செல்வி தாராவியில் ஓர் அறையில் சமைத்து, மதியச் சாப்பாட்டை டப்பாக்களில் அடைத்து வீடு வீடாகக் கொடுப்பவள். எங்கள் ஊரிலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில் நடுவில் வரும் ஊர்தான் அவளுக்கு. கணவர் வேலை பார்த்த தோல் பட்டறை மூடியபிறகு குடும்பம் ஓடுவது இந்த டப்பாக்களில்தான். அவற்றில் பெரும்பாதி எங்கள் கட்டடத்துக்கு வருபவை. துணுக்கு அவள் காய் நறுக்கும் பலகையின் பிசிறு என்று தெரிந்ததும், மாலைக்குள் கமிட்டி முடிவெடுத்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்குள் செல்வி பிளாஸ்டிக் பலகையை விட்டு மரப்பலகைக்கு மாற வேண்டும். இல்லையென்றால் அவளுடைய டப்பா கேட்டைத் தாண்டாது.

அன்று முழுவதும் குழுவில் நிபுணர்கள் முளைத்தார்கள். மூங்கில்தான் இயற்கை என்றார் ஒருவர். கீற்றுக் கீற்றாகப் பிளந்து பசை போட்டு ஒட்டிய பலகை அது என்பது அவருக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் கிருமி ஒட்டாது என்றார் இன்னொருவர். கத்தி ஒரே வாரத்தில் மழுங்குவதும், ஈரத்தில் காய் வழுக்கி வெட்டு விரலுக்கு வருவதும் அவர் கவலை இல்லை, அவர் நறுக்குவதில்லை. டைட்டானியம் என்று ஒருவர் இணைப்பு அனுப்பினார். விமானம் செய்கிற உலோகத்தில் வெங்காயம் நறுக்கச் சொல்கிறார். லலிதா மாமி வீட்டிலேயே ஒரு தேக்குப் பலகை உண்டு. சமையல் மேடையில், சுவரில் சாய்த்து, படம் மாதிரி வைத்திருக்கிறார். வேலைக்கு வரும் பெண் வெண்டைக்காயைக் கையிலேயே பிடித்து நறுக்குகிறாள். தேக்கில் கோடு விழக் கூடாதாம்.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு இந்தச் சண்டையே விளங்காது. எங்கள் வீட்டில் நறுக்கும் பலகை என்று ஒரு பொருளே இருந்ததில்லை. அரிவாள்மணையைப் போட்டு, ஒரு காலை நீட்டி உட்கார்ந்தால் முடிந்தது. காய் எதன்மேலும் படாமல் நேரே பாத்திரத்தில் விழும். ஊரில் நான் பார்த்த ஒரே பலகை கறிக்கடைக்காரரின் புளியமரக் கட்டைதான். கடை மூடும்போது கத்தியால் சுரண்டி, உப்பைத் தேய்த்துவிட்டுப் போவார். அதை நினைத்து உருக ஒன்றுமில்லை. பகல் முழுக்க அதில் ஈ மொய்த்தது. ஆனால் அந்தக் கட்டை உச்சிவெயிலில் காய்ந்தது. அரிவாள்மணைக்கு, கால் நீட்ட ஒரு தரை இருந்தது. செல்வியின் அறையில் தரை கிடையாது. அதாவது இருக்கிறது, அதன்மேல் இரண்டு அடுப்பும் சிலிண்டரும் டப்பா அடுக்கும் இருக்கின்றன. மிச்ச இடத்தில் நிற்கலாம். நின்றால் கத்தி வேண்டும், கத்திக்குக் கீழே பலகை வேண்டும். மும்பைக்கு வந்த முதல் வாரத்தில் தெருமுனையில் வாங்கிய பச்சைப் பலகையிலேயே அவள் இத்தனை காலமும் நறுக்கிவந்தாள். நடுவில் குழி விழுந்து, நகத்தால் வருடினால் பிசிறு கையோடு வந்தது. மாமியின் புகாரில் தப்பில்லை. தீர்ப்பில்தான்.

மரம் வாங்க நானும் போனேன். மாட்டுங்கா மார்க்கெட் பக்கம் ஒரு பாத்திரக்கடை. "கௌன்சா லக்டி?" என்ன மரம் என்று கேட்டேன். "அச்சா வாலா," என்றார் கடைக்காரர். நல்ல மரமாம். மாமரமா, தேக்கா என்றேன். நான் பேரம் பேசுகிறேன் என்று நினைத்து விலையைக் குறைத்தார். மறுபடி கேட்டேன், மறுபடி குறைத்தார். செல்விக்கு மகிழ்ச்சி தாங்கவில்லை. "எக்கா, இன்னும் ரெண்டு தடவ கேளுங்க, சும்மாவே குடுத்துருவான்," என்றாள். மரத்தின் பெயர் கடைசிவரை வரவில்லை.

வியாழக்கிழமை போன் வந்தது. "எக்கா, பலக பொளந்துட்டு. கறுப்பு கறுப்பா புள்ளி வேற. ஒரு மாதிரி நாறுது."

"ஊற வச்சியா?"

"பின்ன? எல்லா ஏனத்தையும் தொட்டியில ஊறத்தான போடுவோம். தண்ணி விடியதான வரும்."

மரப்பலகையைப் பற்றி எழுதுகிற எல்லாரும் ஒரே விதமாக எழுதுகிறார்கள். ஓடும் நீரில் உடனே கழுவு, துடை, நிமிர்த்திக் காயவை, மாதம் ஒருமுறை எண்ணெய் பூசு. ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரு குழாய் ஒளிந்திருக்கிறது. செல்வியின் சந்தில் தண்ணீர் அதிகாலையில் வந்து, பள்ளிக்கூடம் திறப்பதற்குள் நின்றுவிடும். மழை நான்கு மாதம். வெயில் அந்தச் சந்துக்குள் எட்டிப் பார்த்ததில்லை. நல்ல மரம், காயவைக்க இடமிருக்கிறவர்களுக்கு நல்ல பொருள். மற்றவர்களுக்கு அது பூஞ்சை வளர்க்கும் பாத்தி.

கனமான பிளாஸ்டிக் பலகையே வாங்கு, நகம் மாட்டுகிற அளவுக்குக் கோடு விழுந்ததும் தூக்கிப் போடு, வீட்டு மீனுக்குத் தனியாக ஒன்று வை என்றேன். நிறத்தையும் சொன்னேன்.

"பச்சை பீன்ஸுல ஒளிஞ்சுக்கும். வெள்ளை தேங்காப்பூவுல ஒளிஞ்சுக்கும். நீலம் வாங்கு. நம்ம சாப்பாட்டுல நீலமா ஏதாவது இருக்கா?"

யோசித்தாள். "கத்தரிக்கா?"

"அது ஊதா."

"அப்ப எங்க வீட்டுக்காரரு வேட்டிக்குப் போடுத சொட்டுநீலம்தான் இருக்கு. அதயும் கொழம்புல ஊத்துதான்னு சொல்லுவாவ ஒங்க மாமி."

ஞாயிற்றுக்கிழமை புது நீலப் பலகையும் பிளந்த மரப்பலகையுமாக மாமி வீட்டு வாசலில் நின்றோம். நான் பேசினேன். தண்ணீர், மழை, பூஞ்சை, நிறம், எல்லாம். மாமி பொறுமையாகக் கேட்டார்.

"நீங்க சொல்றது சரியாவே இருக்கட்டும். நீலம் பார்க்க மீன்கடை மாதிரின்னா இருக்கு? குரூப்பில் மரம்னு பாஸ் ஆயிடுத்து. நான் மாத்த முடியாது."

"மாமி, மரம் பொளந்துட்டு, பாருங்க," என்றாள் செல்வி.

"வேற வாங்கிக்கோ. நீ எதில நறுக்கறேன்னு நான் வந்து பார்க்கப் போறேனா? மாசாமாசம் ஒரு போட்டோ போடு. போட்டோவில் மரம் தெரிஞ்சா போறும்."

லிஃப்டில் இறங்கும்போது செல்வி சிரித்துக்கொண்டே வந்தாள். டப்பா தப்பித்துவிட்டது. கீழே வந்ததும் சிரிப்பு நின்றது. "மரத்த எங்கெக்கா வைக்க? எங்க வீட்ல மனுசன் ஒதுங்கவே எடமில்ல."

இரண்டாவது மரப்பலகை இப்போது எங்கள் பால்கனியில், வெயில் படும் பக்கமாக, கம்பியில் சாய்ந்து நிற்கிறது. மாதம் ஒருமுறை செல்வி அதைக் காலி டப்பாக்களோடு பையில் போட்டுத் தாராவிக்குக் கொண்டுபோகிறாள். இரண்டு கேரட்டை மேலே வைத்துப் படமெடுத்து அனுப்புகிறாள். மாமி கை கூப்பும் பொம்மை ஒன்றைப் போடுகிறார். மறுநாள் பலகை செம்பூருக்குத் திரும்பி வருகிறது. அதில் இன்னும் ஒரு கோடுகூட விழவில்லை.