ஹில்யாவின் முப்பத்தேழு ஊஞ்சல்கள்

தபால் வண்டியை நிறுத்தியதும் ஹில்யா முதலில் பார்ப்பது கடிதப் பெட்டியை அல்ல, ஊர் ஊஞ்சலை. பலகையில் ஏறி நின்று, எத்தனை பேர் நிற்கலாம் என்று தம் தோளாலேயே அளந்து குறிப்பேட்டில் பதிகிறார். கட்டியவர் யார், எந்த ஆண்டு, தூண் என்ன மரம். உறுதியாகத் தெரியாததை வெற்றிடமாகவே விடுவார். தென் எஸ்டோனியாவில் அவர் கடிதம் கொடுக்கும் வழியில் இதுவரை முப்பத்தேழு ஊஞ்சல்கள் பதிவாகியுள்ளன.

இந்தத் தபால்காரம்மாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. இடக்கையுறை பச்சை, வலக்கையுறை சிவப்பு. சட்டைப்பையில் எப்போதும் ரை தானிய ரொட்டித் துண்டு. "நாய்க்கு ரொட்டி, மனுஷனுக்குக் கடுதாசி. கடிக்கிறது என்னவோ மனுஷந்தான்" என்பார்.

இந்த வசந்தத்தில் அவரைக் கடித்தவர் உர்மஸ். யாரும் திருத்தக்கூடிய இணைய வரைபடத்தைத் தார்த்து நகரிலிருந்து சரிபார்க்கும் தன்னார்வலர், ஹில்யாவின் வயதினர். ஹில்யாவின் ஊரான லெப்பிகுவின் ஊஞ்சலை அவர் 'சிறுவர் விளையாட்டுத் திடல்' என்று வகைப்படுத்தியிருந்தார். அதை நம்பிய ஊராட்சி, 'பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஏறக் கூடாது' என்று அறிவிப்புப் பலகையே எழுதி வைத்துவிட்டது; நடுவதுதான் பாக்கி. வரைபடம் மாறினால் அதை நடமாட்டோம் என்றார் ஊராட்சி எழுத்தர். ஹில்யா மும்முறை திருத்தினார். உர்மஸ் மும்முறையும் பழையபடியாக்கினார்.

"நேர்ல வந்து பாருங்க" என்று எழுதிப் போட்டார் ஹில்யா.

ஈஸ்டர் ஞாயிறன்று உர்மஸ் வந்தே விட்டார். குளிர்காலம் தளர்த்திய ஊஞ்சலைச் சீர்செய்த ஆண்களுக்குப் பெண்கள் வெங்காயத்தோலில் சாயமேற்றிய முட்டைகளைக் கொடுத்துக்கொண்டிருந்தனர். ஆண்டுதோறும் அதற்கு அதுதான் கூலி. உர்மஸ் யாரையும் கேட்காமல் பலகையில் ஏறி உந்தினார். முகம் சிவந்ததுதான் மிச்சம். ஊஞ்சல் ஒரு சாண் அசைந்து நின்றது.

"இது பழுதாயிருக்குங்க."

"பழுதெல்லாம் ஒண்ணுமில்ல, ஆளுதான் குறையுது" என்றார் ஹில்யா. "ஏறுங்கடி!"

பக்கத்துக்கு நால்வராக எதிரெதிரே நின்றார்கள். உர்மஸுக்கு நேரெதிரே எழுபத்தெட்டு வயது சால்மே.

"முட்டிய மடக்குய்யா! அடிச்ச முளையாட்டம் நிக்கிறியே!"

மடக்கினார், நிமிர்ந்தார். நான்காம் வீச்சில் இலையற்ற பிர்ச் மரங்களின் உச்சி அவர் காலுக்குக் கீழே தெரிந்தது. முதலில் அலறினார், பிறகு, தாம் சிரிப்பது தமக்கே தெரியாமல் சிரித்தார்.

இறங்கியதும் கைப்பேசியைத் திறந்தார். "திடல் இல்லன்னா வேற என்னன்னு போடுறது? பட்டியல்ல இப்படி ஒரு வகையே இல்லையே."

"கல்யாணத் தரகுன்னு போடு" என்றார் சால்மே. "எம் புருஷன் இதுலதான் மாட்டுனான்."

"உடற்பயிற்சிக் கூடம்னு போடுங்க" என்றது ஒரு குரல்.

ஹில்யா சிரிப்பில் சேரவில்லை. குறிப்பேட்டின் முதல் பக்கத்தைத் திறந்து நீட்டினார். உர்மஸ் படித்து, புதிதாக ஒரு வகையை ஏற்படுத்தி, எழுத்தெழுத்தாகப் பதிந்தார்: ஊர் ஊஞ்சல். பெரியவர்கள் நின்று ஆடுவது. தனியே ஆட இயலாது.

"மத்த முப்பத்தாறையும் படிங்க, போட்டுடறேன்."

ஹில்யா வரிசையாகப் படித்தார். ஓர் ஊஞ்சலுக்குக் கட்டிய ஆண்டு தெரியவில்லை. அதை வெற்றிடமாகவே விடச் சொன்னார். கடைசி ஊஞ்சலும் வரைபடத்தில் ஏறியதும் சிவப்புக் கையுறையைக் கழற்றி, முட்டைக் கூடையின் அடியில் மிஞ்சிக் கிடந்த ஒன்றை எடுத்துத் துடைத்து, ஊஞ்சல் சீர்செய்தவனுக்குக் கொடுப்பது போல உர்மஸின் உள்ளங்கையில் வைத்தார்.