ஏதென்ஸில் ஒரு விசில்

போன வாரம் ஏதென்ஸ் நகரத்தில் ஒரு விசில் சத்தம் கேட்டேன். அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

ஒரகடம், பிள்ளைப்பாக்கம் பக்கத்திலிருந்து நாற்பது பேர் சேர்ந்து போன டூர். பெரும்பாலும் அங்குள்ள கம்பெனிகளில் வேலை பார்ப்பவர்கள், அவர்களின் குடும்பங்கள். அழைத்துப் போன டூர் மேனேஜர் பாஸ்கர், தண்டலத்துக்காரர். முன்பு ஒரு தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். அந்த வேலையை விட்டுவிட்டார்... விசிலை விடவில்லை!

முதல் நாள். காலையில் விமானம் இறங்கியதும் பெட்டிகளை பஸ்ஸில் போட்டுக்கொண்டு நேராக ஊர் சுற்றக் கிளம்பினோம்.

“இன்னிக்கு டார்கெட் அஞ்சு இடம். சீக்கிரம் முடிச்சா ரூமுக்குப் போயி கால நீட்டிக்கினு படுக்கலாம்,” என்றார் பாஸ்கர்.

பஸ்ஸே கைதட்டியது.

முதல் இரண்டு இடங்கள் ஜன்னல் வழியாக. அடுத்த இரண்டில் இறங்கினோம், படம் எடுத்தோம், ஏறினோம். கடைசியாக அக்ரோபோலிஸ் குன்று.

என் மனைவி சரித்திர டீச்சர். அங்கே ஒரு கோயிலின் கூரையைத் தலையில் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளை, பாடப் புத்தகத்தின் மங்கலான படத்தை வைத்தே இத்தனை வருடமும் பிள்ளைகளுக்கு விளக்கி வந்தவள். இந்த டூருக்கு அவள் சம்மதித்ததே அந்த ஆறு பேருக்காகத்தான்.

உள்ளூர் கைடு எலெனி, பெரிய கோயிலின் கதையைச் சொல்லி முடித்தார். “வாருங்கள், அந்தப் பெண்களைப் பார்க்கலாம்,” என்று திரும்பினார்.

விசில்!

அத்தனை பேரும் ஷிப்ட் முடிந்த மாதிரி படியை நோக்கி நடந்தார்கள்.

“பாஸ்கர், இன்னும் பாக்கி இருக்கே?” என்றேன்.

“இன்னா சார், உங்க ரெண்டு பேருக்காக எல்லாரும் வெயில்ல காயணுமா? டைமுக்கு முன்னாடி முடிச்சிக்கினு கீறோம், கெடுக்காத சார்.”

பக்கத்து சீட் குமாரி அக்கா சமாதானம் சொன்னார்: “வுடு டீச்சர், எல்லாம் ஒடஞ்ச கல்லுதான். போன்ல பாத்துக்கலாம்.”

எனக்கு ரத்தம் கொதித்தது. எதற்கு இந்த ஓட்டம்? அடுத்த ஷிப்ட் ஆள் வந்து காத்திருக்கிறானா? சொந்த விடுமுறையில், கடல் தாண்டி வந்த இடத்தில்கூட, நாம் யாருக்கு உற்பத்தி காட்டுகிறோம்?

இதையெல்லாம் நான் கத்திக்கொண்டிருந்தபோது என் மனைவி கத்தவில்லை. “நீங்க போங்க தம்பி. நான் பாத்துட்டு வரேன்,” என்று பாஸ்கரிடம் சொல்லிவிட்டு எலெனியோடு நடந்தாள். நானும் பின்னால் போனேன்.

“பஸ் நிக்காது மேடம்!”

நிற்கவில்லை. போயே போய்விட்டது.

அந்த ஆறு பேரின் முன்னால் அவள் வெகுநேரம் நின்றாள். “பாத்தீங்களா? மூணு பேர் வலது கால ஊணி நிக்கறாங்க, மூணு பேர் இடது கால. படத்துல இது தெரியவே இல்லயே!” என்றாள். இப்போது இருப்பவை நகல்கள், அசலில் ஐந்து இங்கே மியூசியத்தில், ஒன்று லண்டனில் என்று எலெனி சொன்னார். உடனே அங்கேயும் போனோம். சிலைகளின் முதுகில் தொங்கும் கல் பின்னல் உட்படப் பார்த்தாள்.

டாக்ஸி பிடித்து ஹோட்டலுக்கு வந்தால்... லாபியில் பெட்டிகளின் மேல் நம் ஆட்கள் அத்தனை பேரும் உட்கார்ந்திருந்தார்கள். மூன்று மணிக்கு முன்னால் ரூம் தர மாட்டார்களாம்.

பாஸ்கர் எழுந்து வந்தார். “இன்னா மேடம், இவ்ளோ லேட்டு?”

“எதுக்கு லேட்டு?” என்று கேட்டாள் என் மனைவி.