இறுகிய வலக்கையும் தை மாத முகூர்த்தமும்

பெருங்காயப் பொட்டலத்தின் மேல் சணலைச் சுற்றி முடிச்சிட முனைந்த வேளையில் என் வலக்கை நின்றுவிட்டது. வலி ஏதும் தோன்றவில்லை. சணலின் நுனி விரல்களுக்கிடையே இருந்தது. இழுக்க வேண்டும் என்று நினைத்தேன், கை இழுக்கவில்லை. வேறெவரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருளைப் போல அது கடைப் பலகையின் மேல் கிடந்தது.

எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதம். கல்கத்தாவில் விடாத மழை. லேக் மார்க்கெட்டை ஒட்டியிருந்த என் மளிகைக் கடையின் முன் நின்ற வங்காளி வாடிக்கையாளர், "கீ ஹோலோ, மொஷாய்?" (என்ன ஆயிற்று, ஐயா?) என்று வினவினார். ஒன்றுமில்லை என்று கூற வாய் திறந்தேன். கூழ் கொதிப்பது போன்ற ஓர் ஒலியே வெளிவந்தது. என்னோடு கடையைக் கவனித்து வந்த மைத்துனன் சுப்பையா, தோளிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு ஓடிவந்து என்னைத் தாங்கினான்.

தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். டாக்சி எதுவும் வர இசையவில்லை. கைரிக்‌ஷா ஒன்றில் என்னைக் கிடத்தி, தான் தண்ணீரில் நடந்து வந்தான் சுப்பையா. "அத்தான், கண்ணை மூடாதீங்க. என்னையே பாத்துக்கிட்டு வாங்க. என் மூஞ்சியைப் பாக்கப் பிடிக்கலைன்னாலும் பாருங்க" என்று வழி நெடுகப் பேசிக்கொண்டே வந்தான்.

மருத்துவமனையின் தாழ்வாரத்தில் என்னைப் பரிசோதித்த மருத்துவர், இது பக்கவாதம் (மூளையின் ஒரு பகுதிக்குக் குருதி செல்வது தடைப்பட்டு, உடலின் மறுபக்கம் செயலிழக்கும் நோய்) என்றார். மூளையின் இடப்புறம் பழுதுபட்டதால் வலக்கையும் வலக்காலும் படுத்துவிட்டன என்றும், பேச்சு திரும்ப வாய்ப்புண்டு என்றும், காலும் ஓரளவு திரும்பும் என்றும் கூறினார். கையைப் பற்றி அவர் எதுவும் கூறவில்லை. நானும் கேட்கவில்லை, கேட்கும் நிலையில் என் நாக்கு இல்லை.

ஆயினும் என் மனம் கையையே சுற்றியது. அதற்குக் காரணம் உண்டு. என் ஒரே மகள் கோமதிக்கு ஹவுராவில் குடியிருந்த ரயில்வே குடும்பத்துப் பையனோடு நிச்சயதார்த்தம் முடிந்திருந்தது. தை மாதத்தில் முகூர்த்தம். எங்கள் வழக்கப்படி, பெண்ணின் தந்தை தம் வலது உள்ளங்கையை விரித்து அதில் மகளின் கையை ஏந்துவார். தாய் நீர் வார்ப்பாள். அந்த நீரோடு மகளின் கையை மணமகன் கையில் சேர்ப்பார் தந்தை. தாரை வார்த்தல் என்பது இதுவே. தாலி பிறகுதான். அந்த ஒரு செயலுக்காவது இந்தக் கை எனக்கு வேண்டும் என்று எண்ணினேன்.

வீடு திரும்பிய சில வாரங்களில் பேச்சு தெளிந்தது. கோல் ஊன்றி நடக்கவும் தொடங்கினேன். கை மட்டும் ஈரத்துணி போல் தொங்கிற்று. பின்னர் ஒரு நாள் காலையில் விரல்கள் தாமே உட்புறம் மடங்கின. வீடே ஆர்ப்பரித்தது. என் மனைவி ஆவுடையம்மாள் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் சந்தேஷ் இனிப்பு வாங்கிக் கொடுத்தனுப்பினாள்.

இவ்விடத்தில் என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்ட நான், கடை ஓய்ந்த பொழுதுகளில் வாசித்து வாசித்தே எழுதக் கற்றவன். எங்கள் பகுதித் தமிழர் சிலர் சேர்ந்து நடத்திய கையெழுத்துப் பத்திரிகையில் தொடர்கதைகள் எழுதி வந்தேன். என் கதாநாயகர்கள் துரோகத்தாலோ வறுமையாலோ வீழ்வார்கள். கதை திரும்ப வேண்டிய இடத்தில், "அவன் முஷ்டி இறுகியது, நகங்கள் உள்ளங்கையில் பதிந்தன" என்று எழுதுவேன். அதன் பின் அவர்களை எவராலும் தடுக்க முடியாது. அந்த வரியை எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறியும்.

கோமதி ஒருமுறை ஒரு கதையைப் படித்துவிட்டு, "அப்பா, உங்க கதையில ஆம்பிளைங்க எல்லாரும் கையை மூடிக்கிட்டே இருக்காங்களே, எப்படிச் சாப்பிடுவாங்க?" என்று கேட்டாள். நான் அதை ரசனைக் குறைவு என்று கருதினேன்.

ஆகவே என் விரல்கள் மடங்கியபோது, கதையின் திருப்பம் வந்துவிட்டது என்றே நம்பினேன். பத்திரிகை நண்பர்கள் என்னைக் காண வந்தார்கள். "உங்க நாயகன் மாதிரியே முஷ்டியைப் பிடிச்சிட்டீங்களே அண்ணாச்சி! இனி என்ன கவலை?" என்றார் ஒருவர். மற்றொருவர் கடியாஹாட் சந்தையிலிருந்து ஒரு ரப்பர் பந்து வாங்கி வந்து என் கையில் திணித்தார். "அமுக்குங்க. இன்னும். பல்லைக் கடிச்சுக்கிட்டு அமுக்குங்க!" நான் பல்லைக் கடித்தேன். புருவத்தை நெரித்தேன். பந்து பிதுங்கியது. அனைவரும் கைதட்டினார்கள்.

புரட்டாசி முழுவதும் இதுவே என் தவம். துர்கா பூஜைப் பந்தல்களின் தாக் முழவு கேட்கும் நாட்களிலும் பந்தை விடவில்லை. கை நாளுக்கு நாள் வலுத்தது. ஒருநாள் பந்தை எடுக்க முயன்றபோது விரல்கள் விரியவில்லை. ஆவுடையம்மாள் ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்த விரல் அடுத்த கணமே சுருண்டது. பெருவிரல் மற்ற நான்கினுள் சிறைப்பட்டது. சில நாட்களில் மூடிய கையிலிருந்து ஊறிய தோலின் துர்நாற்றம் எழுந்தது. நகங்கள் மெய்யாகவே உள்ளங்கையில் பதிந்து புண்ணாக்கியிருந்தன. நான் பலமுறை எழுதிய அந்த வரியின் மணத்தை அன்றுதான் அறிந்தேன்.

மருத்துவர் என்னைப் பிசியோதெரபி (பயிற்சியாலும் தொடுகையாலும் செய்யும் சிகிச்சை) பிரிவுக்கு அனுப்பினார். அங்கிருந்தவர் ஓர் இளம் வங்காளிப் பெண். எல்லோரும் அவரைத் தீதி (அக்கா) என்றே அழைத்தனர். வயதில் மூத்த நானும் அவ்வாறே அழைத்தேன். அவர் என் பையிலிருந்த பந்தை எடுத்துப் பார்த்தார்.

"இதை யார் கொடுத்தது, மேஷோமொஷாய்?" (சித்தப்பா முறையுள்ளவரை வங்காளிகள் அழைக்கும் சொல் இது.)

"நண்பர்கள். என் மன உறுதிக்கு உதவியாக."

"மூடுவதற்கு உங்கள் கைக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நோய்க்கே அது நன்றாகத் தெரியும்" என்றார். பின்பு விளக்கினார். இதன் பெயர் ஸ்பாஸ்டிசிட்டி (மூளையின் கட்டுப்பாடு தளர்வதால் தசை தானாகவே இறுகிக்கொள்ளும் நிலை). வலிந்து முயன்றால் இறுக்கம் கூடும். கோபம், அவசரம், குளிர், பிறர் பார்க்கிறார்கள் என்ற கூச்சம் யாவும் அதைக் கூட்டும்.

"அப்படியானால் நான் எதைத்தான் உறுதியோடு செய்வது?"

"உறுதியைச் செருப்போடு வெளியே விட்டுவிட்டு வாருங்கள்" என்று சிரித்தார்.

அவர் கற்பித்த முறையை, இதே நிலையில் இருப்போருக்காகக் கூறுகிறேன். எனினும் உங்கள் மருத்துவரைக் கேட்டே செய்யுங்கள். விரல்களைப் பிடித்து இழுக்கக் கூடாது. முதலில் மணிக்கட்டை மெல்லக் கீழ்நோக்கி மடக்க வேண்டும். இறுக்கம் சிறிது தளரும். பிறகு பெருவிரலை அதன் அடியில் பிடித்து வெளியே கொணர வேண்டும். பிறகு காத்திருக்க வேண்டும். மற்ற விரல்கள் தாமே நெகிழும். நெகிழாவிட்டால் இன்னும் காத்திருக்க வேண்டும். பந்து கொண்டு வருவோரிடம் அன்போடு அதை வாங்கி ஓரமாக வைத்துவிடுங்கள்.

ஆவுடையம்மாளும் கோமதியும் இதைக் கற்றுக்கொண்டார்கள். காலையில் கரியடுப்பில் வெந்நீர் வைத்துக் கையை அமிழ்த்துவார்கள். கழுவித் துடைத்து, பழைய பருத்திப் புடவைத் துண்டைச் சுருட்டி உள்ளங்கையில் வைப்பார்கள். புண் ஆறிற்று. கை திறக்கத்தான் மறுத்தது. ஐப்பசி போய்க் கார்த்திகை வந்ததும் குளிர் தொடங்கி இன்னும் இறுகியது.

ஒருநாள் சுப்பையா தயங்கித் தயங்கி ஆரம்பித்தான். "அத்தான், தப்பா நினைக்காதீங்க. மூடின கையால தாரை வார்க்கக் கூடாதுன்னு மாப்பிள்ளை வீட்டுப் பெரியவங்க பேசிக்கிறாங்க. தூத்துக்குடியிலேர்ந்து உங்க அண்ணாச்சி வர்றாங்கல்ல, அவங்க கையாலேயே..."

"எனக்கு எங்கப்பா இருக்காக" என்றாள் ஆவுடையம்மாள் கோமதியின் குரலில், கேலியாக. மகள் அதைச் சொல்லத் தயங்கி நின்றதைக் கண்டு அவள் சார்பாகச் சொன்னாள். உடனே தன் குரலுக்குத் திரும்பி, "சுப்பையா, உனக்கு ரெண்டு கையும் நல்லா இருக்குல்ல? போய்ப் பருப்பை அளந்து போடு" என்றாள்.

நான் ஒன்றும் கூறவில்லை. ஆனால் என் வலக்கை கூறிற்று. அது மார்புவரை ஏறி, கல்லாக இறுகிக் கிடந்தது. கோபத்தை மறைத்து கௌரவமாக அமர்ந்திருக்கும் உரிமையையும் இந்நோய் என்னிடமிருந்து பறித்திருந்தது.

முதன்முறை கை திறந்தது, எந்த முயற்சியாலும் அன்று. மார்கழியில் ஒரு பிற்பகல். மின்சாரம் போயிருந்தது. சுப்பையா புளி விலையைப் பற்றி நெடுநேரம் பேசினான். எனக்குக் கொட்டாவி வந்தது. வாய் விரிய விரிய, படுத்துக் கிடந்த கை தானே எழுந்து, விரல்கள் ஒவ்வொன்றாக மலர்ந்தன. கொட்டாவி முடிந்ததும் கூம்பின. "அத்தான், இன்னொரு தடவை!" என்று கத்தினான் அவன். வேண்டி வரவழைத்தால் கொட்டாவி வருமா? இருப்பினும் மலரும் வழி இந்தக் கையில் எங்கோ மிஞ்சியிருக்கிறது என்று தீதி கூறினார். அதன் பிறகு, கவனியாதிருக்கும் வேளைகளில், பாதி திறக்கத் தொடங்கிற்று.

கோமதியோடு ஒத்திகை பார்த்தோம். ஆவுடையம்மாள் மணிக்கட்டை மடக்கிப் பெருவிரலை விடுவிப்பாள். கோமதி கையை வைப்பாள். வெந்நீர் கலந்த நீரை வார்ப்போம். பல நாள் கை பொறுத்துக்கொண்டது.

முகூர்த்தம் பாலிகஞ்சில் ஒரு மண்டபத்தில். நான் மணையில் அமர்ந்தேன். அங்கவஸ்திரத்தின் மறைவில் ஆவுடையம்மாள் கையைத் திறந்தாள். அது திறந்தது. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள். என் விரிந்த உள்ளங்கையில் கோமதி தன் மருதாணிக் கையை வைத்தாள். மந்திரம் ஒலித்தது. கிண்டிச் செம்பிலிருந்து நீர் விழுந்தது.

அந்த நீரை வெதுவெதுப்பாக்க எவரும் நினைக்கவில்லை. தை மாதக் குளிர்நீர் பட்டதும் என் விரல்கள் மூடின. மகளின் கையைப் பற்றிக்கொண்டே மூடின.

ஐயர், "பெண்ணோட கையை மாப்பிள்ளை கையில வையுங்கோ" என்றார். நான் வைக்கவில்லை. "நாழியாறது" என்றார். மாப்பிள்ளை கையை நீட்டியபடியே இருந்தார். மாப்பிள்ளையின் தாயார் கண்களைத் துடைத்துக்கொண்டார். பின்னாலிருந்து சுப்பையா, "அத்தான், பொண்ணைக் குடுக்க மனசு வரலையா?" என்றான். சபையில் சிரிப்பும் விம்மலும் கலந்து எழுந்தன. என் அண்ணாச்சி மேல்துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தந்தையின் பாசத்தை அனைவரும் கண்கூடாகக் கண்டார்கள். நானோ, இழுக்கக் கூடாது, இழுக்கக் கூடாது என்று மட்டும் எனக்குள் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கோமதி பதறவில்லை. "அவசரம் இல்லப்பா" என்று என் காதில் படும்படி கூறினாள். தன் இடக்கையால் என் மணிக்கட்டைக் கீழே மடக்கினாள். பெருவிரலை அடியில் பிடித்து வெளியே கொண்டுவந்தாள். பிறகு ஐயரைப் பார்த்து, "கொஞ்சம் இருங்க மாமா" என்றாள். நீட்டிய கையை எடுக்காமல் மாப்பிள்ளையும் காத்திருந்தார். என் விரல்கள் நெகிழ்ந்தன. அவள் கை வழுக்கிச் சென்று அவர் கையில் சேர்ந்தது. நீரும் அவ்வழியே சென்றது.

அதை நான் கொடுத்ததாகச் சொல்வதா, அவள் எடுத்துக்கொண்டதாகச் சொல்வதா என்று எனக்கு இன்றும் தெரியாது. அது பாசத்தின் பிடி அன்று, தசையின் பிடி என்று பிறகு பலரிடம் விளக்கினேன். எவரும் ஏற்கவில்லை. இப்போதெல்லாம் விளக்குவதில்லை.

இன்னொன்றை மட்டும் கூறி முடிக்கிறேன். நோயுற்ற பாதியில் உணர்ச்சி மெதுவாகவே வந்து சேரும். அவள் கையைப் பற்றியிருந்தபோது, எதையோ பற்றியிருக்கிறேன் என்பதற்கு மேல் அந்தக் கை எனக்கு எதையும் தெரிவிக்கவில்லை. கெட்டிமேளம் முழங்கி, தாலி ஏறி, எல்லோரும் அட்சதை தூவிக்கொண்டிருந்த வேளையில்தான், வெறுமையாகக் கிடந்த என் உள்ளங்கையில் அவள் கையின் சூடு வந்து சேர்ந்தது. நான் கையை அசைக்காமல் வைத்துக்கொண்டேன்.