தானாகப் பூட்டிக்கொண்ட வேன்

எங்கள் பழைய வேனின் கதவுகளுக்குச் சொந்த புத்தி வந்துவிட்டிருந்தது. டிரைவர் கதவைச் சாத்தினால் மற்ற கதவுகளும் 'டக்'கென்று தாமாகவே பூட்டிக்கொள்ளும். சில நாள் எத்தனை முறை பட்டனை அழுத்தினாலும் எதுவும் பூட்டாது. ஃபியூஸ் மாற்றினேன். கதவோரம் வரும் ஒயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்து டேப் சுற்றினேன். ஒன்றும் நடக்கவில்லை. அழாத குறைதான்.

கீழ்பென்னாத்தூர் சாலையில் கடை வைத்திருக்கும் எலக்ட்ரீஷியன் பாய், பூட்டுப் பட்டனைக் கழற்றிக் கவிழ்த்தார். காய்ந்த சந்தனம் பொடிப்பொடியாக உதிர்ந்தது.

"இன்னாங்க இது, சுவிச்சுக்குள்ள சந்தனம்?"

ஆயுத பூஜைக்கு ஸ்டீயரிங், கியர், ஹாரன் என்று ஒன்று விடாமல் பொட்டு வைக்கிறவன் நான். அந்தப் பட்டன் மட்டும் என்ன பாவம் செய்தது என்று, தண்ணீராகக் குழைத்த சந்தனத்தை வருஷா வருஷம் அதன் மேலும் அப்பியிருந்தேன். பக்தி ஜாஸ்தி, புத்தி கம்மி.

"சுத்தம் பண்ணிட்டேன். ஆனா உள்ள செம்பெல்லாம் துரு புடிச்சுப் பச்ச பூத்துப்போச்சு, திரும்பவும் மக்கர் பண்ணும். ஃபியூஸப் புடுங்கிட்டுக் கையாலயே பூட்டிக்கோங்க" என்றார்.

அது முடியாது. அப்பாவுக்கு மறதி நோய். வண்டி ஓடும்போதே வீடு வந்துவிட்டதாக நினைத்துக் கைப்பிடியை இழுப்பார். நான் என் சீட்டிலிருந்தே பூட்டியாக வேண்டும்.

மறுவாரம் வேங்கிக்காலில் டாக்டரைப் பார்க்கப் போனோம். ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தி, அப்பாவை இறக்குவதற்காக நான் இறங்கிக் கதவைச் சாத்தினேன். டக். எல்லாக் கதவும் பூட்டிக்கொண்டன. சாவி உள்ளே. கையை வெளியே நீட்டுவார் என்று கண்ணாடிகளையும் ஏற்றியே வைத்திருந்தேன். உச்சி வெயில். சுற்றி ஓடி எல்லாக் கைப்பிடியையும் இழுத்துப் பார்த்தேன்.

"அப்பா, கதவுல இருக்கிற அந்தப் பூட்டுக் குமிழத் தூக்குங்க!" என்று சைகை காட்டிக் கத்தினேன்.

முகமெல்லாம் வியர்வை வழிய என்னைப் பார்த்தார். பிறகு குமிழின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார்.

"தொறக்க மாட்டேன். என் பையன் வருவான். நீங்க போங்க."

"நான்தாம்பா உங்க பையன்!"

அவர் மரியாதையாகத் தலையாட்டி மறுத்தார். பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் அவரை வண்டியில் விட்டுப் போகும்போதெல்லாம், "நான் வர்ற வரைக்கும் யார் கேட்டாலும் கதவத் தொறக்காதீங்கப்பா" என்று படித்துப் படித்துச் சொன்னது நான்தான். என் முகம் மறந்துவிட்டது, என் பேச்சு மட்டும் அப்படியே நின்றிருந்தது.

வேறு வழியில்லாமல் கீழே கிடந்த செங்கல்லை எடுத்துப் பின்சீட்டுக் கதவின் கண்ணாடியை உடைத்தேன். கையை விட்டுத் திறந்து உள்ளே ஏறி, பாட்டிலைத் திறந்து கொடுத்தேன். தண்ணீரைக் குடித்துவிட்டு என்னை முறைத்தார்.

"என் பையன் வரட்டும். வண்டிய ஒடச்ச உன்ன சும்மா உடமாட்டான்."

"வரட்டுங்க" என்றேன்.

எவ்வளவு கெஞ்சியும் இறங்க மறுத்துவிட்டார். கதவுகளை எல்லாம் திறந்துவைத்து, பக்கத்தில் உட்கார்ந்து, அவருடைய மகனுக்காக நானும் காத்திருந்தேன்.